ஓட்டை ஜக்

மீனாட்சிபுரத்தில் குஞ்ஞுமோனின்
பழைய சாமான் கடையில்
எனாமல் ஜக் ஒன்று.
நீல விளிம்பு, வயிற்றில் கறுத்த தழும்பு,
கீழே மலையாளத்தில் ஏதோ பொடி எழுத்து.

இருநூறு என்றார்.
தூக்கி வெயிலில் பிடித்து
அடியிலிருந்த ஓட்டையைக் காட்டினேன்.
"அதுகொண்டல்லே இருநூறு?
அல்லெங்கில் நானூறு."
நூற்று நாற்பதுக்கு முடிந்தது.

திரும்பும் பஸ்ஸில் மடியில் ஜக்.
கோபாலபுரம் செக்போஸ்டில் ஏறியவர்
எட்டிப் பார்த்தார்.
"உள்ளே என்னங்க?"
"ஓட்டை."
அவர் சிரிக்கவில்லை.
மே மாதம், மணி இரண்டு,
பாலக்காட்டுக் காற்றும் அன்று லீவு.

புடலைப் பந்தலில் கட்டித் தொங்கவிட்டு
அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினேன்.
சொட்டு.
காபி ஆற்றிக் குடித்து வந்தால்
இன்னும் சொட்டு.
நூறு ரூபாய் ஓட்டைதான், சந்தேகமில்லை.

பக்கத்து வீட்டு ஓமனா
தலையைச் சாய்த்து வாசித்தாள்:
"ஏழாம் நம்பர் அறை.
வெளியே கொண்டுபோகக் கூடாது."
"திருப்பிக் குடுத்துர்லாமா?" என்றார் இவர்,
பனியனோடு, நுங்கு நோண்டிக்கொண்டே.

லாட்ஜை இடித்து ஆறு வருஷமாம்.

ஏழாம் நம்பரில் இப்போது
புடலை தங்கியிருக்கிறது.
வாடகை பாக்கி.
ராத்திரியில் மட்டும்
நூல் பிரிந்த கைக்குட்டை மாதிரி
வெள்ளையாய் எதையோ
நீட்டுகிறது.