தண்ணீர் வராத வெள்ளிக்கிழமை

சண்டை முடிந்து பத்து மாதம்.
கும்பகோணத்தில் இன்னும்
மண்ணெண்ணெய்க்குக் கூப்பன், சீனிக்குக் கூப்பன்,
பிணத்துக்குப் போர்த்தும் கோடிக்கும் கூப்பன்.
நான் கிழக்கு ஸ்டேஷன் ரைட்டர்.
நடந்ததை எழுதுவது என் வேலை.
நடக்காததை எழுதச் சொன்னால் அதுவும்.

ஆனி மாதம், வெள்ளிக்கிழமை விடிய
அரசலாற்று மணலில் ஊற்றுத் தோண்டப் போன செங்கமலம்
கொட்டாங்கச்சியால் நாலாவது தடவை வழித்தபோது
டிக் டிக்கென்று சத்தம் கேட்டதாம்.
சிள்வண்டு என்று நினைத்தாளாம்.
பட்டாளத்துக் கைக்கடிகாரம்.
கதைகளில் கொலை விழுந்த நிமிஷத்தில்
கடிகாரம் நின்றுபோகும்.
இது நிற்கவில்லை.
சாவி கொடுத்த கையைத்தான் நிறுத்தியிருந்தார்கள்.

கை வேதாசலத்துடையது.
தானியக் கண்ட்ரோல் ஆபீஸ் குமாஸ்தா.
எந்தக் களத்தில் எத்தனை மூட்டை ஒளிந்திருக்கிறது என்பது
அவருக்கு மனப்பாடம்.
அவரைக் கொல்ல டவுனில் பாதிப் பேருக்குக் காரணம் உண்டு;
மீதிப் பேர் மூட்டை இல்லாதவர்கள்.

இருந்தும் எல்லா விரலும்
மதகு லஸ்கர் மாசிலாமணியை நோக்கியே நீண்டன.
ஆற்றின் வரத்து அவனுக்குத்தானே தெரியும்.
வியாழன் ராத்திரி புதைத்தால்
வெள்ளி விடியலில் புதுத்தண்ணீர் வந்து
மணலோடு பிணத்தையும் வாரிக்கொண்டு
கடலில் சேர்க்கும் என்று கணக்குப் போட
வேறு யாரால் முடியும்?
இன்ஸ்பெக்டர் ஞானமுத்து
விலங்கை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அப்போதுதான் எனக்கு வெள்ளரிக்காய் ஞாபகம் வந்தது.

பாலத்துக்கு மேற்கே, ஆற்றுக்குள்ளேயே,
மாசிலாமணி பெண்டாட்டி போட்டிருந்த கொடி.
மற்றவர்கள் வியாழனன்றே அறுத்துக் கரையேறிவிட்டார்கள்.
அவள் மட்டும் பிஞ்சு முற்றட்டும் என்று விட்டிருந்தாள்.
ஏன் விட்டாள்?
பாபநாசம் தலைப்பில் ஷட்டர் சிக்கிக்கொண்டது,
தண்ணீர் ஒரு நாள் தாமதம் என்று
புதன்கிழமையே லஸ்கருக்குத் தந்தி.
காக்கிச் சட்டைப் பையில் அது வேர்வையில் ஊறிக் கிடந்தது.
யாரும் கேட்கவில்லை. அவன் சொல்லவில்லை.

அப்படியானால் கொன்றவன்
ஆற்றை அறிந்தவன் இல்லை.
தாலுகா கச்சேரிச் சுவரில் ஒட்டிய
நோட்டீஸை நம்பியவன்.
நோட்டீஸை நம்பி வியாழன் இரவு
கரையோரக் கொட்டகையிலிருந்து
அறுபது மூட்டையை மேட்டுக்கு ஏற்றியவர்
ரைஸ்மில் தருமலிங்கம்.
அவர் வண்டித்தடம் ஒன்று மட்டும்
மணலுக்குள் இறங்கி, ஊற்றுக்குப் பத்தடி முன்னால் நின்று,
திரும்பும்போது ஆழம் குறைந்திருந்தது.

தருமலிங்கம் சிரித்தார். வெற்றிலைச் சிரிப்பு.

அன்று சாயங்காலம் வெள்ளரி அறுத்தார்கள்.
ஸ்டேஷனுக்கும் ஒரு கூடை வந்தது.
தடத்தை அளக்க நான் டேப்போடு இறங்கியபோது
சனிக்கிழமை விடிந்திருந்தது.
மேற்கே நுரை.
அதற்கு முன்னால் பிள்ளைகள் ஓடி வந்தார்கள்,
பெண்கள் மஞ்சளும் பூவும் எறிந்தார்கள்.
ஒரு நாய் அளவு உயரத்தில், அவசரமில்லாமல்,
அது வந்து தடத்தின்மேல் படுத்துக்கொண்டது.

செஷன்ஸில் எதிர்க்கட்சி வக்கீல் கேட்டார்:
"வராத தண்ணீரைக் கூண்டில் ஏற்ற முடியுமா?"
ஜட்ஜ் சிரித்தார். நானும் கொஞ்சம்.
விடுதலை.

பதினோரு வருஷம் கழித்து
தருமலிங்கம் கட்டிலில், மகன்கள் சூழ, செத்தார்.
சித்திரை மாதம்.
சாம்பலைக் கரைக்க ஆற்றில் பொட்டுத் தண்ணீர் இல்லை.
மணலில் ஊற்றுத் தோண்டினார்கள்.
பாலத்தில் சைக்கிளை நிறுத்திப் பார்த்தேன்.
தோண்டத் தோண்டச் சரிந்தது.
மூத்தவன் கொட்டாங்கச்சியால் வழித்துக்கொண்டே வந்து
சட்டென்று நிறுத்தி,
எதையோ கேட்பவன்போல்
குழிப்பக்கம் காதைச் சாய்த்தான்.