தொங்கல் கணக்கு

கடை லேஸ் கழுத்தைக் கடிக்குதாம்.
பக்கத்து வீட்டு டெல்சியா முக்காட்டைக் கொண்டுவந்து
என் கட்டிலில் போட்டாள்.
வெள்ளை வலைத்துணி, வெறும் விளிம்பு.
"ரொஷெலுக்கு முதல்நன்மை. இன்னும் பதினொரு நாள்.
நீ பஸ்ஸிலயும் பின்னுற ஆள்தானே."

இரண்டாம் குறுக்குத் தெருவில்
நாற்பதாம் நம்பர் நூல் கேட்டேன்.
பின்னால் ஒரு நாட்டாமி
மூட்டைவண்டியோடு "சைட், சைட்" என்று கத்த
கடைக்குள் அரைவாசியும் தெருவில் அரைவாசியுமாய் நின்றேன்.
மூன்று வெள்ளை காட்டினார்கள்:
பால், பல், உப்பு.
உப்பை வாங்கினேன்.

கோட்டையில் ஒரு கப்பல் ஏஜென்சியில்
ஊரார் காசை இரண்டு பக்கமாய் எழுதுவது என் தொழில்.
அந்த மாதம்
இடது பக்கத்தில் நாற்பத்தேழு ரூபா ஐம்பது சதம் கூட.
மூன்று நாள் தேடினேன்.
தேநீர்ச் செலவு, முத்திரைச் செலவு,
துறைமுக வாயிலில் ரசீது தராத ஒருவன்.
அகப்படவில்லை.

இரவில் முக்காடு.
கையில் பவுடர் தட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்;
இந்த ஊர்ப் புழுக்கத்தில்
கொழுக்கி ஊசிகூட வியர்க்கும்.
முதல் சுற்று விளிம்பை ஓரமாய்க் கட்டி வந்தது.
எண்ணினேன், ஐந்நூற்று முப்பத்திரண்டு கண்ணி.
மறுபடி எண்ணினேன், முப்பத்தொன்று.
தண்ணீர் குடித்துவிட்டு எண்ணினேன்.
முப்பத்திரண்டு.

ஒரு சிப்பிக்கு ஆறு கண்ணி.
ஒரு கண்ணியில் ஊன்றி, இரண்டைத் தாண்டி,
நடுவில் ஏழு கால் நட்டு,
நாலாவது காலின் தலையில் ஒரு மொட்டு,
மறுபடி இரண்டைத் தாண்டு.
எண்பத்தெட்டு சிப்பி போக
மிச்சம் நாலு.

நாலு கண்ணிக்கு ஒரு சிப்பி உட்காராது.
சும்மா விட்டால்
விழுந்த பல்லின் இடம்போல் தெரியும்.
பிரித்துவிடலாம்.
பிரித்த நூல் சுருண்டு சுருண்டு நிற்கும்,
கோபத்தில் இருக்கிற பிள்ளைபோல,
ஒரு தரம் நனையும்வரை பேசாது.

மின்சாரம் போனது.
ஜன்னலுக்கு வெளியே
துறைமுகத்துப் பாரந்தூக்கிகளுக்கு மட்டும் வெளிச்சம்.
எங்கள் மாடியில் யாரோ மின்சார சபையைத் திட்டினார்கள்,
சிங்களத்தில் தொடங்கி தமிழில் முடித்து.
இருட்டில் விரல் தானாய்ப் போய்க்கொண்டிருந்தது.
அப்போதுதான் அந்தச் சொல் வந்தது.

சமப்படாத தொகையைத்
தற்காலிகமாய் நிறுத்திவைக்கிற இடம்:
தொங்கல் கணக்கு.
பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து
ஒரு தரமும் எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.
இப்போது மடியில் தொங்கல் கிடக்கிறது,
தீராத நாலும் கிடக்கிறது.

கடைசி நாலு சிப்பிக்கும்
ஆறுக்குப் பதில் ஏழு கண்ணி கொடுத்தேன்.
ஒவ்வொன்றும் ஒரு நூலளவு கால் அகட்டி உட்கார்ந்தது,
பஸ்ஸில் இன்னொருவருக்கு இடம் தராத ஆம்பிளைகள்போல.
நுனியை வெட்டி உள்ளே செருகினேன்.
எங்கே தொடங்கியது என்று
எனக்கே தெரியவில்லை.

கோயிலில் இருபத்துமூன்று வெள்ளைப் பிள்ளைகள்.
திருநீற்றோடு நான் பின் வாங்கில்
ஒரு தூணுக்குப் பக்கத்தில்.
டெல்சியா திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தாள்.
நான் செபம் எதுவும் சொல்லவில்லை,
அந்த நாலைத் தேடினேன்.
தோளில் இல்லை, முதுகில் இல்லை.
மின்விசிறிக் காற்றில் விளிம்பு முழுக்க
ஒரே மாதிரிப் புரண்டுகொண்டிருந்தது.

வரிசை திரும்பியபோது கண்டேன்.
ரொஷெல் முக்காட்டின் ஓரத்தை
வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.
உப்பு வெள்ளை நனைந்து
கன்னத்தில் ஒட்டிக்கிடந்தது.
சப்பியது அந்த நாலாகத்தான் இருக்கும்.
வேறாகவும் இருக்கலாம்.

திங்கட்கிழமை முகாமையாளர் கேட்டார்,
"அந்த நாற்பத்தேழு ஐம்பது என்னாச்சு?"

"தொங்கலில் இருக்கு, சேர்."