சாட்சி

படிவத்தின் ஏழாம் பக்கம் ஒரு பெயர் கேட்டது:
பன்னிரண்டு வயதுக்குமுன் என்னை அறிந்தவர்.
அம்மா இல்லை. பள்ளி அறிக்கைகளை
எங்கே வைத்தேன் என்று தெரிந்திருந்தால்
இந்தப் படிவமே தேவைப்பட்டிருக்காது.

மிச்சமிருப்பது இல்போ.
அப்பாவின் அடக்கத்துக்கு நான்
ஒரு மணி நேரம் பிந்தி ஓடிவந்தேனே,
அன்றோடு பேச்சை நிறுத்திய அண்ணன்.

பதினான்கு மாதம் காத்துக் கிடைத்த நேரம்
நாளை காலை ஒன்பது.
குவோபியோ மருத்துவமனை வாசலில் ஈரப்பனி.
கைபேசியை இடக்கையில் பிடித்தேன்,
உறை வலக்கைக்கு மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

"மர்யுக்காவா?"
பிறகு ஒன்றுமில்லை.
கேள்வியைப் படித்தேன்:
பொருள்களை அடிக்கடி தொலைப்பாரா?

சிரிப்பா இருமலா, தெரியவில்லை.
"பனிச்சறுக்குத் தடத்தில் நீ முன்னால் போவாய்.
தொப்பி, ஒரு கையுறை,
ஒருதரம் சறுக்குக் கோலே.
பொறுக்கிக்கொண்டே பின்னால் வருவேன்.
வீட்டில் சொன்னதில்லை.
எழுதிக்கொள்."

பேனா இல்லை என்றேன்.

"இரு" என்றான்.
நானூறு கிலோமீட்டருக்கு அப்பால்
இழுப்பறைகள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம்.
எனக்குப் பேனா தேடுகிறான்.