அல்லது மைனஸ் இரண்டு

தைசெங்கில் எங்கள் அலுவலகம், நான்காம் மாடி.
ஆறு மணிக்குக் குளிர்சாதனம் நின்றுவிடும்.
ஏழேகாலுக்கும் நான் விடைப் பக்கங்களில் இருக்கிறேன்.
ஏழாம் கணக்கு:
ஒன்று கூட்டல் கே எக்ஸ், அடுக்கு ஆறு.
விரித்தால், எக்ஸ் வர்க்கத்தின் கெழு அறுபது.
கே என்ன?

கே ஒரு மாறிலி என்று போட்டிருக்கிறது.
மாறாதவர், ஆனால் யாரென்று தெரியாதவர்.
மின்தூக்கியில் தினமும் தலையசைக்கும்
ஒன்பதாம் மாடிக்காரர் மாதிரி.

கெழு என்று இங்கே யாரிடமும் சொல்ல முடியாது.
ஹஸ்வானிக்கு அது கோஎஃபிஷண்ட்,
முதலாளி குவெக்குக்கும் அதுவே.
நான் மட்டும் வாய்க்குள் கெழு என்கிறேன்.
கெழுமுதல் என்றால் நெருங்கிக் கலத்தல்;
ஓர் எண் ஓர் எழுத்தின் தோளில் சாய்ந்து நிற்பது.

ஆறு அடைப்புக்குறிகள் வரிசையில் நிற்கின்றன.
இரண்டிலிருந்து கே எக்ஸை எடு,
மற்ற நான்கும் ஆளுக்கொரு ஒன்று தரட்டும்.
இப்படி எடுக்கப் பதினைந்து வழி.
பதினைந்து கே வர்க்கம் அறுபது,
கே வர்க்கம் நான்கு,
கே இரண்டு என்கிறது விடை.

அவ்வளவுதானா?

வர்க்கத்துக்கு ஞாபகம் கிடையாது.
எந்தப் பக்கமிருந்து வருகிறாய் என்று கேட்காது.
மைனஸ் இரண்டும் அதே வாசலில்
அதே நான்கைக் காட்டி நுழையும்.
கே பூஜ்யத்தைவிடப் பெரியது என்று
கேள்வியில் ஒரு காவலாளி இருந்திருந்தால் தடுத்திருப்பான்.
இல்லை.
கணக்கை எழுதிய டேரன் கோ
ஹொக்கைடோவில் பனி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சரி, காவலாளியை நானே நிறுத்தலாம்.
கே, ஒரு குறி, ஒரு பூஜ்யம். மூன்றே தட்டு.
இந்த ஆண்டில் பதினோரு முறை தட்டியிருக்கிறேன்.

ஒப்புநோக்கப் பழைய பதிப்பு ஒன்று வைத்திருந்தேன்,
பிராஸ் பாசாவில் மூன்று வெள்ளிக்கு வாங்கியது.
அதே ஏழாம் கணக்கு, அதே அறுபது.
ஓரத்தில் யாரோ பென்சிலால் செய்திருக்கிறார்கள்.
கே சமம் இரண்டு.
அதற்குப் பிறகு அழிப்பான் தேய்த்துத் தாள் மெலிந்த இடம்.
விளக்கைச் சாய்த்தேன்.
பள்ளம் இன்னும் இருக்கிறது:
ஓர் ‘அல்லது’, ஒரு சிறு கோடு, இன்னொரு இரண்டு.

கண்டுபிடித்திருக்கிறது பிள்ளை.
பின்பக்கம் புரட்டி, எங்கள் விடையைப் பார்த்து,
அழித்திருக்கிறது.

முதல் பக்கத்தில் பெயர் இல்லை.
3ஈ4, பதிவு எண் 27.
ஆணா பெண்ணா, ஈசூனா புக்கிட் பாஞ்சாங்கா,
இப்போது தேசிய சேவையிலா, வேறெங்காவதா,
கணக்கை இன்னும் நம்புகிறதா?
ஒரே சமன்பாட்டில் இத்தனை தெரியாதவற்றைத் தீர்க்க முடியாது.
தெரிவது இதுதான்: அழுத்தி எழுதும் கை.

கேள்வியைத் தொடாதே, விடையில் சேர் என்றேன் ஹஸ்வானியிடம்.
“வரி நீளும், சிஸ். ஒன்பது மணிக்குத் துவாஸ் அச்சகத்தில் கோப்பு இருக்கணும்.”
அடுத்த பகுதியும் மாறும் என்றேன்.
எக்ஸ் கனத்தின் கெழு இருபது கே கனம்;
கனம் எதையும் மறப்பதில்லை.
நூற்று அறுபது, அல்லது மைனஸ் நூற்று அறுபது.
அவள் பெருமூச்சு விட்டாள்.
எழுத்தை அரைப் புள்ளி குறைத்தாள்,
எட்டாம் விடையைக் கீழே கொஞ்சம் தள்ளினாள்.
இடம் வந்தது.

எளிய வழி இருந்ததே என்று காலையில் குவெக் கேட்பார்.
பதில் எதுவும் தயார் செய்யவில்லை.

தைசெங் நடைமேடையில் இரு பக்கமும் ரயில்.
என்னுடையது பிந்தி வந்தது. உட்கார இடம் கிடைத்தது.
பழைய புத்தகத்தை மடியில் விரித்து
அந்தப் பள்ளத்தின் மேலேயே பேனாவை ஓட்டினேன்.
பார்ட்லி தாண்டும்போது வண்டி குலுங்கி
கோடு வளைந்துவிட்டது.
மைனஸ் என்று படிக்க முடிகிறது.