பற்று: நாற்பத்தொரு சாப்பாடு

ஒஸாக்கி வைத்துவிட்டுப் போன பாக்கி
நாற்பத்தொரு சாப்பாடு.
அதில் ஒன்பது, மீனோடு.

சரணடைந்த வாரம் அது.
அவர்கள் அச்சடித்த ரூபாய்
மோல்மீன் சாக்கடையெல்லாம் மிதந்தது.
அடுப்பு பற்றவைக்க ஒரு கூடை அள்ளி வைத்திருந்தேன்.
ஈர நோட்டு எரியவும் எரியாது.

நோட்டை நீட்டினால் கரண்டிதான் பேசும் என்று
அவனுக்குத் தெரியும்.
மூங்கில் குழாயிலிருந்து நான்கு தாளை உருவி
எச்சில் துடைக்காத மேசையில் விரிக்கப் போனான்.
இரு என்று துடைத்துக் கொடுத்தேன்.
ஏன் துடைத்தேனோ.

முதல் தாளில் ஒருவன்
இரண்டு கண்ணையும் மூக்குக்கு இழுத்துக்கொண்டு
கால் கட்டைவிரலை நிமிர்த்தி
அப்படியே நிற்கிறான்.
அடிக்கப் போகிறானா, அடித்துவிட்டானா,
சொல்ல மாட்டேன் என்கிறது படம்.
அவன் முதுகுக்குப் பின்னால்
கறுப்புத் துணி போர்த்திய ஒரு ஆள், குந்தியபடி.
அவனைக் காட்டி ஒஸாக்கி கைவிரித்தான்:
இல்லை. இவன் இல்லை.
இருக்கிறானே என்றேன்.

அடுத்ததில் ஒரு பெண். பெண்ணில்லை.
மழித்த முன்தலையை மறைக்க
ஊதாத் துண்டு ஒன்று.
மூன்று வருஷமாய்
ஆண்கள் மெல்லுவதைப் பார்த்தே பிழைத்தவள் நான்,
எனக்குத் தாடை தெரியாதா?

மூன்றாவதில் பனி.
பனி என்று எதுவும் அச்சடிக்கவில்லை,
தாளைச் சும்மா விட்டிருக்கிறார்கள்.
மேலே சாம்பல் வானத்தில்
பலகையின் ரேகை, வளைந்து வளைந்து.
என் காய் நறுக்கும் கட்டையைக் கொண்டுவந்து
பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
ஒஸாக்கி அதைத் தட்டினான்:
ஒரு நிறத்துக்கு ஒரு பலகை, டொக்.
இன்னொரு நிறம், டொக்.
பதினோரு முறை தட்டினான்.

நான்காவது பூச்சி அரித்தது. வேண்டாம் என்றேன்.
கண் இழுத்தவனுக்குப் பதினைந்து.
தாடைக்காரிக்கும் பதினைந்து.
பனிக்கு எட்டு; பாதி தாள் வெறுமைதானே.
முப்பத்தெட்டு. போக மூன்று.

ஆவணி மழையில் பட்டாளம் வந்தது.
ஜப்பான் சாமான் எது இருந்தாலும்
ஒப்படைக்க வேண்டுமாம்.
எண்ணெய் கம்பெனி காலண்டருக்குப் பின்னால்
ஒட்டியிருந்ததை
ஒரு சிப்பாய் தூக்கிப் பார்த்தான்.
ஏகாம்பரம். போளூர்க்காரன்.

இது என்ன?
எங்க ஊர்க் கூத்து என்றேன். ராட்சசன்.

நெடுநேரம் பார்த்தான்.
துப்பாக்கியைச் சுவரில் சாய்த்தான்.
'ராட்சசனுக்குப் பல் வைப்பாங்க.
இவன் ராஜா. எதையோ இப்பத்தான் கேள்விப்பட்ட ராஜா.'
பிறகு, தணிந்த குரலில்:
'கட்டியக்காரன் எங்கே?'
கறுப்புத் துணியைத் தொட்டுக் காட்டினேன்.
'ஆமா,' என்றான்.
காலண்டரை இறக்கிவிட்டான்.
ரசத்தில் உப்பு கம்மி என்று சொல்லி
இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான்.
காசும் கொடுத்தான், உண்மையான காசு.

இரவு பேரேட்டைத் திறந்தேன்.
முகாமுக்குப் போகும் முன்
ஒஸாக்கி தன் பேருக்கு எதிரே
தானே எழுதிவிட்டுப் போயிருந்தான்:
ஒன்றின் கீழ் ஒன்றாய் மூன்று கோடு.
அவன் பாஷையில் அது எழுத்தோ, என்னவோ.
என் கணக்கிலும் மூன்றுதான்.

மீனில்லாமல் என்று
பக்கத்தில் குறித்து வைத்தேன்.