இரண்டு முறை வாசிக்கப்படும் பெயர்

கல்லறைத் திருநாளுக்கு
இரண்டு உறை வாங்குவேன்.
இரண்டிலும் ஐந்தைந்து வெள்ளி,
இரண்டிலும் ஒரே பெயர்:
அ. சவரிமுத்து.

புதிதாக வந்த ஃபாதர்
ஒன்றைத் திருப்பித் தந்தார்.
"மறந்து ரெண்டு தடவை எழுதிட்டீங்கம்மா."
மறக்கவில்லை, ஃபாதர்.
என் அப்பா இரண்டு முறை இறந்தவர்.

எண்பத்தெட்டில், கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரியில்,
சர்க்கரை முற்றிக் காலை எடுத்த பிறகு.
அது ஒன்று.
மற்றது சயாமில்.
எந்த மாதம், எத்தனையாவது மைல், தெரியாது.
அப்பா அப்போது இங்கே
பதினேழாம் நம்பர் லயத்தில்
சாக்கைப் போர்த்திக் காய்ச்சலில் கிடந்தார்.

பெரட்டுக் களத்தில் லாரி நின்றதாம்.
ஜப்பான்காரன் பார்த்திருக்க
கிராணி பட்டியல் வாசித்தார்.
"சவரிமுத்து."
"இருக்கேங்க" என்றவன் சடையன்.
அவன் பெயர் பட்டியலிலேயே இல்லை.
கிராணி நிமிர்ந்து பார்த்தார்.
பார்த்துவிட்டு
அடுத்த பெயருக்குப் போனார்.

உயிர்ச் சிநேகிதர்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.
ஒரு சேவல் விஷயமாக
ஆறு மாதம் பேச்சில்லை.
ஏன் போனான் என்று கேட்டால்
அப்பா செருப்பைத் தேடுவார்.
மரவள்ளி தின்று அலுத்து
அங்கே அரிசிச் சோறென்று நம்பியிருக்கலாம்.
புதுத்தாலியோடு அம்மா
குழாயடியில் நின்றதைப் பார்த்திருக்கலாம்.
நாங்கள் ஐந்து பேரும்
அதற்குப் பிறகு பிறந்தோம்.

முனியாண்டிக்குக் கிடா வெட்டுகிறவன்.
நண்பனுக்காக உயிரைக் கொடுப்பதைப் பற்றிய வசனம்
அவன் காதில் விழுந்திருக்காது.
விழுந்திருந்தாலும்
அப்பா அவனுக்கு நண்பர் இல்லையே.

கோயில் சுவரில் பதினான்கு படம்.
நான் ஐந்தாவதன் கீழே உட்காருவேன்.
சீரேனே ஊர்ச் சீமோன்.
காட்டு வேலையிலிருந்து வந்துகொண்டிருந்தவனை
மறித்துச் சிலுவையைச் சுமத்தினார்கள்.
படம் வரைந்தவர் அவன் கையைக் காலியாக விட்டுவிட்டார்.
நான் ஒரு பால்வாளியை
அவன் காலடியில் வைத்துப் பார்ப்பதுண்டு.
அவனுக்கு யாரும் நன்றி சொன்னதாக
நற்செய்தியில் இல்லை.
அடுத்த வரியில் அவனே இல்லை.

ஆண்டவருக்குச் சொல்லச் செபங்கள் உண்டு,
சிறுவயதிலிருந்தே மனப்பாடம்.
சடையனுக்குச் சொல்ல
என்ன இருக்கிறது என்னிடம்?
பத்தாங் பெர்ஜுந்தை பெஸ்தாரி ஜெயா ஆயிற்று.
பால்மரம் போய்ச் செம்பனை வந்தாயிற்று.
பெரட்டுக் களத்தின்மேல் பெட்ரோல் நிலையம்.
அவன் கொண்டுபோன பெயர்தான் மிச்சம்.
சவரிமுத்து என்று கூப்பிட்டுப்
பழகியிருப்பார்கள் அங்கே,
மண் தள்ளும்வரை.

ஃபாதர் உறையை வாங்கிக்கொண்டார்.
பூசையில் ஒரு முறை வாசித்தார்.
தண்ணீர் குடித்துவிட்டு
இன்னொரு முறை.

இரண்டாவதற்கு
"இருக்கேங்க" என்றேன்.
மெதுவாகத்தான் சொன்னேன்.
முன்பெஞ்சில் இருந்த பையன்
திரும்பிப் பார்த்தான்.