சக்குபந்தி

பத்திரத்தில் அது தரிசு.
புன்செய், தீர்வை ஏக்கருக்குப் பன்னிரண்டு அணா.
ஊர்வாயில் ஓணாங்கரடு.
குன்றக்குடிச் சாலையிலிருந்து பார்த்தால்
தலையைத் தூக்கி வெயில் காயும் உருவம்,
முதுகெல்லாம் உசிலை, வெப்பாலை, காரைமுள்.

மோல்மேனில் கடையை மூடித் திரும்பிய
நாச். வெள். பெத்தபெருமாள்
அறுபத்தொன்றில் கரட்டைக் கூறுபோட்டார்.
நாற்பத்து மூன்று மனை. தவணைக்கும் உண்டு.
நோட்டீஸில் மலைக்காற்று என்று கொட்டை எழுத்து.
தண்ணீர் பற்றி ஒன்றும் போடவில்லையே என்று
அச்சகத்தான் கேட்டானாம்.
அது அடுத்த நோட்டீஸில் என்றாராம்.

எல்லைக்கல் நூற்று எழுபது
திருமயத்திலிருந்து வண்டி வண்டியாக வந்தது.
அடிவாரத்தோடு மாடுகள் படுத்துக்கொண்டன.
கல்லில் பாதி ஊருணிக்குப் படியாயிற்று.
மீதி எந்தெந்த வீட்டில்
துவைகல்லாகக் கிடக்கிறது என்று
இன்றைக்கும் யாரும் வாய்திறப்பதில்லை.

சர்வேயர் இஞ்ஞாசி காத்திருக்கிற ஆளில்லை.
தார் டின்னும் ஈச்சமட்டையுமாக ஏறி
மரத்துக்கு மரம் எண் போட்டு
இருட்டுமுன் இறங்கிவிட்டார்.
ரிஜிஸ்தர் ஆபீசில் அப்படியே ஏறியது:

மனை பதினேழுக்குச் சக்குபந்தியாவது
இரட்டைக்கவை உசிலைக்கு மேற்கு
பொந்து விழுந்த பாலைக்குத் தெற்கு
ஓடைக்குக் கிழக்கு
பெயர் தெரியாத மரத்துக்கு வடக்கு
இதற்குட்பட்ட காலி மனை.

காலி.
சேவுகன் கீதாரி தழை ஒடிக்க வந்தபோது
பட்டை பட்டையாகத் தாரில் என்னவோ இருந்தது.
அவருக்குப் படிக்கத் தெரியாது.
ஆடுகளுக்கும் தெரியாது.
ஒன்பது, பத்து, பதினொன்று வழியே
அவை காலங்காலமாகப் போன தடம்
எந்தப் பத்திரத்திலும் இல்லை.
ஒன்பதில் எழுப்பிய மண்சுவரை
மூன்றுமுறை முட்டிச் சாய்த்தன.
நாலாம் முறை சிமெண்ட்.

முதலில் குடிவந்தது லூர்து ரோசலின் டீச்சர்.
ஒரு பெட்ரோமாக்ஸ், இரண்டு கோழி.
பதினெட்டில் கம்பவுண்டர் உதுமான்.
முதல் மழைக்கு டீச்சர் வீட்டுப் பாம்பு அங்கேயும்
கம்பவுண்டர் வீட்டுத் தேள் இங்கேயும் போய்வந்தன.
வீட்டுக்காரர்கள் பேசிக்கொண்டது அதற்குப் பிறகுதான்.
கிணறு எழுபதடி வரை செம்புறை,
அப்புறம் பாறை,
அப்புறம் பணமில்லை.
ஊருணியிலிருந்து தலைக்குடத்தோடு ஏறியவர்கள்
மலைக்காற்றை நன்றாகவே வாங்கினார்கள்.

அறுபத்தேழு ஐப்பசியில்
இரட்டைக்கவை உசிலையில் இடி விழுந்தது.
விடிந்ததும் கரிக்கட்டையின் இந்தப்பக்கம் டீச்சர்,
அந்தப்பக்கம் உதுமான்.
எல்லை எங்கே?
தேவகோட்டை முன்சீப் கோர்ட்டில் ஆறு வருஷம்.
கோர்ட் அனுப்பிய கமிஷனர் குடை பிடித்து வந்து
வேரைத் தோண்டச் சொன்னார்.
வேர் இரண்டு மனையிலும் ஓடியிருந்தது.
தீர்ப்பு: அதே குழியில் அதே ஜாதி மரம்,
இருவர் செலவில்.
அன்றோடு நகரில் எவரும் கோடாலி வாங்கவில்லை.

போன மாதம் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்தாள்.
இத்தனை மரத்தையும் காப்பாற்றிய
அந்தத் தலைமுறையின் இயற்கை நேசம்
பற்றி எழுதவேண்டுமாம்.
காபி கொடுத்தேன்.
நேசமாவது.
பக்கத்து மனைக்காரன் வெட்டிவிடுவானோ என்று
ராத்திரியில் எழுந்தெழுந்து
டார்ச் அடித்துப் பார்த்ததில் வளர்ந்த காடு, அம்மா, இது.

மரமும் சும்மா நிற்கவில்லை. பருத்தது.
விரற்கடை விரற்கடையாக இருபுறமும் மனை இளைத்தது.
வீட்டுவரி மட்டும் பழைய அளவுக்கே.

டீச்சர் மகனிடம் பதினேழை வாங்கியபோது
மூலப்பத்திரம் என் கைக்கு வந்தது.
செல்லரித்தது போக மிச்சம் படிக்கலாம்.
தெற்கெல்லை மரம் இன்னும் நிற்கிறது.
மாசியில் வெள்ளையாகப் பூத்து
பழைய நெய் மாதிரி ஒரு வாசம்.
கல்லூரிப் பையன்கள் இலை பறித்துப்போய்
இரண்டு பெயரோடு வந்து தங்களுக்குள் சண்டைபோட்டார்கள்.

கடைசிப் பக்கம், சாட்சிகள்.
ஒன்று: இஞ்ஞாசி, ஆங்கிலக் கையெழுத்து.
இரண்டு: சேவுகன், கீதாரி, இடது பெருவிரல் ரேகை.
மை காயுமட்டும் பக்கத்திலேயே நின்றிருப்பார்.

அந்த மரத்தின் பெயரை
அவரிடம் கேட்டிருக்கலாம்.